நோண்டுகிற கைக்கு ஓர் உளி

வீட்டுக்கு ஒரு பிள்ளை இப்படி இருக்கும். பழைய ரேடியோவைத் திறந்து போடும். ஓடாத மிக்ஸியின் மோட்டாரைக் கழற்றித் தன் சைக்கிளில் பொருத்தப் பார்க்கும். செருப்பு அறுந்தால் அதன் அடியை வெட்டி வண்டிச் சக்கரம் செய்யும். “எப்பப் பாரு எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கான்” என்று அம்மா அலுத்துக்கொள்வார். “விடு, இன்ஜினீயர் ஆயிடுவான்” என்பார் அப்பா. சித்தூரிலும் திருப்பதியிலும் அந்தப் பெருமை, பிள்ளை ஒன்பதாம் வகுப்பை எட்டும்போது கோச்சிங் சென்டர் கட்டண ரசீதாக மாறியிருக்கும்.

பொறியியல் நல்ல படிப்புதான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கையால் பொருளைத் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அந்த ஒரு கதவை மட்டும் காட்டுகிறோமே, அதுதான் வருத்தம். அந்தக் கைக்கு உரிய இன்னொரு தொழில் சிற்பம். அதற்கான வழியும் வெகு தூரத்தில் இல்லை, சித்தூர் மண்ணிலேயே இருக்கிறது.

ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்தி போகும் வழியில் இருக்கிறது ஏர்ப்பேடு மண்டலம். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவாகும் வரை சித்தூர் மாவட்டத்தோடு இருந்த பகுதி. திருப்பதி ஐ.ஐ.டி. இங்கேதான் இருக்கிறது. ஐசர் என்ற அறிவியல் ஆய்வுக் கல்வி நிறுவனத்தின் வளாகமும் இதே மண்டலத்தில்தான். பெற்றோர் பலரின் கனவு இந்த இரண்டு வாசல்களில் நிற்கிறது. அதே மண்டலத்தில் குடிமல்லம், பாப்பாநாயுடுபேட்டை, மாதவமாலை என்று மூன்று ஊர்கள் உண்டு. கனவோடு வருபவர்கள் அந்தப் பக்கம் திரும்புவது குறைவு.

குடிமல்லம் பரசுராமேஸ்வரர் கோயிலின் மூலவர் சுமார் 5 அடி உயர லிங்கம். அதன் முகப்பில் ஒரு குள்ளனின் தோள்மீது நின்றபடி சிவன். ஒரு கையில் ஆட்டுக்கடா, இன்னொரு கையில் சிறு கலயம், தோளில் கோடரி. இடுப்பில் கட்டிய துணி உடலோடு ஒட்டி மெல்லியதாகத் தெரியும்படி கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். 1911-இல் தொல்லியல் அறிஞர் டி.ஏ. கோபிநாத ராவ் இந்தச் சிலையை ஆய்வுலகத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தார். காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு என்றாலும், கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்பதே பெரும்பான்மைக் கருத்து. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சிவ வடிவங்களில் ஒன்று, ஐ.ஐ.டி. வளாகத்திலிருந்து சிறிது நேரப் பயணத்தில் இருக்கிறது.

பக்கத்திலேயே பாப்பாநாயுடுபேட்டை. உருகிய கண்ணாடியை உலைக்குள்ளிருந்து நீண்ட குழலாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக வெட்டி மணியாக்கும் கலை தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர். அமெரிக்க மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இங்கே வந்து இந்த முறையைப் பதிவு செய்தார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் பழங்காலத்தில் செய்யப்பட்ட மணிகளின் தொழில்நுட்பத்துக்கு வாழும் சாட்சி இந்த ஊர் என்று காட்டினார். மாதவமாலையோ மரச்சிற்பிகளின் ஊர். தேக்கிலும் வேம்பிலும் வேங்கடவனும் பிள்ளையாரும் வாசற்கால்களும் இங்கிருந்து உருவாகி வெளியூர் போகின்றன.

மரம் என்றதும் தமிழ் வீடுகளுக்கு வேறொன்று நினைவுக்கு வரும்: மரப்பாச்சி. நவராத்திரிக் கொலுவின் படியில் ஜோடியாக நிற்கும் அந்த ராஜா ராணிப் பொம்மைகள் செம்மரத்தில் செதுக்கப்பட்டவை. திருப்பதி யாத்திரை போய்வந்த பாட்டிகளின் பையில் வீடு வந்து சேர்ந்தவையும் அவற்றில் நிறைய உண்டு. சேஷாசல மலைக்காட்டுச் செம்மரம் இன்று அழியும் அபாயத்தில் உள்ள இனம். அதை வெட்டவும் விற்கவும் கடும் கட்டுப்பாடு உண்டு. அதனால் அந்தப் பொம்மை அபூர்வமாகிவிட்டது. ஆனால் அதைச் செய்த கைப்பழக்கம் வேறு மரங்களில் தொடர்கிறது.

பித்தளைத் தகட்டில் ஒரு வாத்து

நோண்டும் பழக்கம் சிற்பமான கதைக்கு உலகம் அறிந்த உதாரணம் அலெக்சாண்டர் கால்டர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1898-இல் பிறந்தவர். தாத்தா சிற்பி, அப்பா சிற்பி, அம்மா ஓவியர். எட்டு வயதில் பெற்றோர் அவருக்குக் கருவிகளும் வீட்டின் அடித்தளத்தில் ஒரு சின்னப் பட்டறையும் கொடுத்தார்கள். கிடைத்த கம்பியையும் மரத்துண்டையும் வைத்து அக்காவின் பொம்மைகளுக்கு நகை செய்தார். 1909 கிறிஸ்துமஸுக்கு, பித்தளைத் தகட்டை வெட்டி மடித்து ஒரு நாயும் ஒரு வாத்தும் செய்து பெற்றோருக்குப் பரிசளித்தார். அந்த வாத்தைத் தட்டினால் முன்னும் பின்னும் ஆடும். பதினோரு வயதுப் பையன் செய்த அந்த வாத்தில், பின்னாளில் அவரை உலகப் புகழ் பெற வைத்த விஷயம் அப்படியே இருக்கிறது. அது எடைச் சமநிலை.

ஆனால் சிற்பிகளாகவே வாழ்ந்த அந்தக் குடும்பம்கூட மகன் கலைஞனாவதை விரும்பவில்லை. வருமானம் நிச்சயமில்லாத தொழில் என்று பெற்றோருக்குத் தெரியும். கால்டர் இயந்திரப் பொறியியல் படித்து 1919-இல் பட்டம் வாங்கினார். சில ஆண்டுகள் பல வேலைகள் பார்த்தார். பயணக் கப்பல் ஒன்றின் கொதிகலன் அறையிலும் வேலை செய்தார். 1923-இல்தான் நியூயார்க்கில் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பாரிஸ் போய் கம்பி, தக்கை, துணித்துண்டுகளால் ஒரு குட்டி சர்க்கஸ் செய்து, தரையில் உட்கார்ந்து தன் கையாலேயே அதை ஆட்டிக் காட்டினார். பிக்காசோவின் காலத்துப் பாரிஸ் கலைஞர்கள் அதைப் பார்க்க வந்தார்கள். 1931-இல் அவருடைய அசையும் சிற்பங்களுக்கு மார்செல் துஷாம் ‘மொபைல்’ என்று பெயர் வைத்தார். காற்று பட்டால் மெல்லத் திரும்பும் தகடுகள் அவை. அவற்றின் ஒவ்வொரு கம்பியிலும் தாங்குபுள்ளி எங்கே விழவேண்டும் என்பதை அந்தப் பொறியியல் மூளை அறிந்திருந்தது. படித்த படிப்பு வீணாகவில்லை.

இந்தியாவுக்கும் அவர் வந்தார். கீரா சாராபாயின் அழைப்பில் 1955 தொடக்கத்தில் அகமதாபாத் வந்து, சாராபாய் குடும்பத் தோட்டத்தில் தங்கி ஒன்பது சிற்பங்கள் செய்தார். கையில் குறடு, பக்கத்தில் தகடும் கம்பியும். அவ்வளவுதான் பட்டறை.

நம் நாட்டிலும் இதே போன்ற பாதையில் நடந்தவர்கள் உண்டு. சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்தவர் எஸ். நந்தகோபால். பிறகு சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். செம்பையும் பித்தளையையும் வெட்டி, பற்றவைத்து, நம் கோயில் மரபின் உருவங்களைப் புதிய மொழியில் நிறுத்தினார். அவருடைய தந்தை கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்து, 2017-இல் மறைந்தார். இன்னொருவர் பி.வி. ஜானகிராம். கோயில் மூலவருக்குச் சார்த்தும் கவசத்தைப் பார்த்து, தகட்டைத் தட்டித் தட்டி வடிவெடுக்கும் அந்த வித்தையை நவீன சிற்பத்துக்குக் கொண்டுவந்தவர். குஜராத்தில் 182 மீட்டர் உயரத்தில் நிற்கும் படேல் சிலையை வடிவமைத்த ராம் சுதார், மகாராஷ்டிரத்தின் ஒரு கிராமத்துத் தச்சரின் மகன். வங்காளத்தின் மீரா முகர்ஜி பஸ்தர் பழங்குடி வார்ப்புக் கலைஞர்களோடு இருந்து தொழில் கற்றார். உலைக்கருகே பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், டெல்லியில் நிற்கும் அவருடைய அசோகர் சிலையை ஒருமுறை பார்க்கலாம்.

சோழமண்டலத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். அந்த இளம் கலைஞர்கள் ஓவியம் விற்கும்வரை காத்திருக்கவில்லை. பட்டிக் துணியும் உலோகக் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். காலையில் கைவினை, மாலையில் கலை என்று அடுப்பெரியும் வழியைத் தாங்களே வகுத்துக்கொண்டார்கள். “சிற்பம் சோறு போடுமா?” என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

ஓலையில் மடிக்கும் கணக்கு

இனி திருப்பதிக்கு வருவோம். ஸ்ரீ வேங்கடேஸ்வரா பாரம்பரிய சிற்ப, கட்டடக் கலை நிறுவனத்தைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1960-இல் தொடங்கியது. ஆலய நிர்மாணம், கற்சிற்பம், சுதைச் சிற்பம், உலோகச் சிற்பம், மரச்சிற்பம், பாரம்பரிய ஓவியம் ஆகியவற்றில் நான்கு ஆண்டு டிப்ளமோ. காளஹஸ்தி கலம்காரித் துணி ஓவியத்துக்கு இரண்டு ஆண்டு சான்றிதழ்ப் படிப்பு. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம். சேரும் மாணவர் பெயரில் தேவஸ்தானம் ஒரு லட்சம் ரூபாயை வங்கியில் போட்டு வைக்கிறது. படிப்பை முடித்து வெளியே வரும்போது வட்டியோடு அந்தத் தொகை கையில் கிடைக்கும். கருவி வாங்கி ஒரு சின்னப் பட்டறை போட நினைக்கும் இளைஞனுக்கு அது பெரிய துணை.

இந்தப் பள்ளியின் உண்மையான சாதனையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பரம்பரை விஸ்வகர்மாக் குடும்பத்தில் பிறந்தால்தான் உளி பிடிக்கலாம், ஸ்தபதியின் மகன்தான் ஸ்தபதி என்றிருந்த நிலையை, விண்ணப்பப் படிவமும் வகுப்பறையும் தளர்த்தின. 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி தமிழ்நாட்டில் செய்ததும் இதைத்தான். பட்டறை மரபின் மதிப்பைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த மரபு இல்லாவிட்டால் இந்தப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்க ஆசிரியரே கிடைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் குடிகளில் பிறக்காத பிள்ளையின் விரலிலும் அந்த வித்தை தங்கும் என்பது இப்போது நிரூபணமாகிவிட்டது.

அப்படி என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்? முதலில் அளவு. முகத்தின் உயரம் ஒரு தாளம். விஷ்ணு, சிவன் போன்ற தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், மொத்தம் 124 பங்கு. தேவியருக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. சுவாமிமலை வார்ப்புப் பட்டறைகளில் இதற்கு அளவுகோல் தேடிப் போவதில்லை. தென்னை ஓலையிலிருந்து ஒரு நாடாவை, செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு நறுக்குவார்கள். அதைக் கணக்காக மடித்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு மடிப்பும் ஓர் அளவு: முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பு இவ்வளவு. ஒடியோலை என்று அதற்குப் பெயர். அரையடிச் சிலையானாலும் ஆறடிச் சிலையானாலும் விகிதம் தவறாது. வகுப்பில் பின்னக் கணக்கென்றால் ஓடும் பிள்ளையின் கையில் இந்த ஓலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு வார்ப்பு. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்தக் கலவையில் உருவத்தை முழுதாகச் செய்கிறார்கள். விரல் நகம் வரை எல்லாம் மெழுகிலேயே முடிந்துவிட வேண்டும். அதன்மேல் நைசான வண்டல் மண் பூச்சு, நிழலில் உலர்த்தல், மறுபடி பூச்சு. அடுத்து மணல் கலந்த கனத்த மண். பெரிய சிலையென்றால் சுற்றி இரும்புக் கம்பிக் கட்டு. சூடேற்றினால் மெழுகு உருகித் துளை வழியாக வெளியேறும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். உள்ளே காற்று அடைபட்டால் சிலையில் குழி விழும், ஈரம் இருந்தால் வார்ப்பு வெடிக்கும். ஆறியபின் மண்ணை உடைத்தால்தான் என்ன வந்திருக்கிறது என்று தெரியும். ஒரு மண் அச்சுக்கு ஒரே சிலை. தப்பினால் மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ‘இதைக் கழற்றினால் என்ன ஆகும்?’ என்று கேட்டுக்கொண்டே வளர்ந்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய தீனி கிடைக்காது.

கல்லில் வேறு பாடம். உளியால் தட்டி, ஒலியைக் கேட்டு, கல்லின் தரத்தைப் பிரிப்பார்கள். கணீரென்று மணிபோல ஒலித்தால் நல்ல கல். மழுங்கல் ஒலி வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். உளியின் முனை மழுங்கினால் உலையில் காய்ச்சித் தட்டித் தீட்டித் துவைச்சல் ஏற்ற வேண்டும். அதனால் கற்சிற்பி பாதிக் கொல்லனாகவும் இருந்தாக வேண்டியிருந்தது. இன்று கார்பைடு முனை உளியும் கட்டிங் மிஷினும் வந்துவிட்டன. வேண்டாத கல்லை மிஷின் தள்ளிவிடும். கண்ணையும் உதட்டையும் எடுப்பது இன்றைக்கும் உளிதான். குப்பம் பக்கத்துக் கிரானைட் குவாரிகள் சித்தூர் மாவட்டத்திலேயே இருப்பதால், கல்லுக்கு இங்கே பஞ்சம் இல்லை.

பெரிய சிலைகளில் இந்தக் கலை நேராகப் பொறியியலாகிவிடுகிறது. கன்னியாகுமரியில் கணபதி ஸ்தபதி நிறுத்திய வள்ளுவர் சிலை 133 அடி. பீடம் 38 அடி, உருவம் 95 அடி. அத்தனை கல்லையும் கடலுக்குள் ஒரு பாறைக்குக் கொண்டுபோய், அடுக்கி, இடுப்பை ஒசித்தும் நிற்க வைத்தார்கள். 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்டது. 2004 சுனாமியின் அலைகள் மோதிய பிறகும் நின்றது.

காயலான் கடையிலிருந்து

கோயில் சிற்பம் ஒரு வழி. இரும்புக் கழிவு இன்னொரு வழி. ஆந்திரத்தின் தெனாலியில் காட்டூரி வெங்கடேஸ்வர ராவும் மகன் ரவிச்சந்திராவும் நடத்தும் சூர்யா சிற்பசாலை இதில் பெயர் பெற்றது. பேரிங், போல்ட், நட்டு, பைக் செயின், கியர் சக்கரம் என்று காயலான் கடைக்குப் போகும் சாமான்களைப் பற்றவைத்து ஆளுயரத்துக்கும் மேலான உருவங்கள் செய்கிறார்கள். 2021-இல் பிரதமர் மோடியின் 14 அடி உருவத்தை இப்படிச் செய்தபோது நாடெங்கும் செய்தியானது. தந்தை மரபுச் சிற்பி, மகன் நுண்கலைப் பட்டம் பெற்றவர். பட்டறையும் கல்லூரியும் ஒரே வீட்டில் சேர்ந்த இடம் அது.

இதிலே நோண்டும் கண்ணுக்குத்தான் முதல் வேலை. ஸ்பார்க் பிளக்கைப் பார்த்ததும் அது பறவையின் கால் என்று தோன்ற வேண்டும். செயினைப் பார்த்ததும் பிடரி மயிர் தெரிய வேண்டும். சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1957-லிருந்து யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையலையும் பீங்கானையும் சேர்த்துப் பல ஆண்டுகள் உருவங்கள் செய்துவந்தார். அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் செய்த வேலை அது. கண்டுபிடித்த அதிகாரிகள் இடிக்காமல் விட்டதோடு, 1976-இல் பாறைத் தோட்டம் என்று மக்களுக்குத் திறந்தும் விட்டார்கள். 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நெதர்லாந்தில் தியோ யான்சன் இயற்பியல் படிப்பைப் பாதியில் விட்டவர். மின்கம்பி ஓட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்களால் 1990 முதல் கடற்கரையில் காற்றின் விசையிலேயே நடக்கும் பிரம்மாண்ட உருவங்களைச் செய்துவருகிறார். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கிற குழாய்தான் அது.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. கிரானைட்டை அறுக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரல் கல்லாகும் சிலிகோசிஸ் நோய் வரும். வந்தால் தீர்க்க மருந்தில்லை. தண்ணீர் விட்டு அறுப்பதும் தரமான முகக்கவசமும்தான் காப்பு. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு செதுக்கும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. இதை ஆசிரியர்களும் பட்டறை உரிமையாளர்களும் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். பற்றவைப்பவருக்குக் கண்ணாடியும் தோல் கையுறையும் இல்லாமல் வேலை தரக் கூடாது. வருமானமும் மாதா மாதம் ஒரே மாதிரி வராது. கும்பாபிஷேகப் பருவத்தில் இரவு பகல் வேலை இருக்கும், மற்ற மாதங்களில் காத்திருப்பு. விலை பேசத் தெரியாத சிற்பிக்கும் இடைத்தரகருக்கும் நடுவே பணம் கரைந்துபோவதும் உண்டு. கணக்கு எழுதுவதும் ஒப்பந்தம் போடுவதும் சிற்பப் படிப்பின் பாடமாக இருக்க வேண்டும்.

வேலை இல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தேவஸ்தானமே நாட்டின் பல ஊர்களில் கோயில் கட்டுகிறது. கன்னியாகுமரியில் 2019-இலும் ஜம்முவில் 2023-இலும் வேங்கடவன் கோயில்கள் எழுந்தன. பழைய கோயில்களின் திருப்பணிக்குச் சுதை வேலையும் கல் வேலையும் தெரிந்த கைகள் தேவை. வெளிநாட்டுத் தமிழரும் தெலுங்கரும் கட்டும் கோயில்களுக்குக் கருங்கல் சிலைகள் கப்பலேறுகின்றன. சினிமா அரங்கமைப்பு, அருங்காட்சியகங்களின் பழுதுபார்ப்பு, பூங்காச் சிலைகள், பரிசுக் கேடயங்கள் என்று சிற்பம் தெரிந்தவருக்குக் கோயிலுக்கு வெளியேயும் வேலை உண்டு.

மத்திய அரசின் நிதி ஆயோக் 2016 முதல் பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகங்களை ஏற்படுத்தி வருகிறது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். பத்தாயிரம் பள்ளிகளில் அமைந்துவிட்டன. ரோபோவும் சென்சாரும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் அங்கே இருக்கின்றன. நோண்டும் பழக்கத்துக்கு அரசே இடம் ஒதுக்கியது மிக நல்ல காரியம். அந்த அறையில் ஒரு மூட்டை களிமண்ணும் நாலு உளியும் சேர்ந்தால் செலவு ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. முப்பரிமாண அச்சில் எடுத்த உருவத்துக்கும் களிமண்ணில் செய்த உருவத்துக்கும் என்ன வேறுபாடு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் கையாலேயே தெரிந்துகொள்ளும். சித்தூர், திருப்பதி மாவட்டப் பள்ளிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைத் தேடி அலைய வேண்டிய அவசியமும் இல்லை. காளஹஸ்தியிலும் மாதவமாலையிலும் திருப்பதியிலும் அவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒருநாள் மதிப்பூதியம் கொடுத்து அழைத்தால் போதும். மாவட்டக் கல்வி அதிகாரிகள் இந்த ஆண்டே தொடங்கக்கூடிய வேலை இது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் கோடையில், ஜூனியர் காலேஜ் விளம்பரங்களோடு திருப்பதி சிற்பக் கல்வி நிறுவனத்தின் சேர்க்கை அறிவிப்பையும் தேடிப் பாருங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு மாமல்லபுரமும், சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளும் இருக்கின்றன. அடுத்த முறை திருமலைக்குப் போகும்போது அரைநாள் ஒதுக்கி, பிள்ளையைக் குடிமல்லத்துக்கும் மாதவமாலைக்கும் அழைத்துப் போங்கள். அங்கே பிள்ளை எதைத் தொட்டுப் பார்க்கிறது, என்ன கேள்வி கேட்கிறது என்று கவனித்துவிட்டு, அதன் பிறகு கோச்சிங் கட்டணத்தைக் கட்டலாமா என்று முடிவு செய்யுங்கள்.